நாற்பது பேருக்குச் சூடான ஹாம் சீஸ் சாண்ட்விச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மே மாதத்து விருந்துகளை முன்னிட்டு, ஓவனில் சுட்டுச் சூடாகப் பரிமாறும் ஹாம் சீஸ் சாண்ட்விச்சைப் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஆறினுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்தின் பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களின் ஐயங்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும் என்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: என் பேத்தி தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா மே மாதத்தில் வருகிறது. காலைப் பூசை முடிந்து ஒன்பதரை மணி அளவில் நாற்பது பேர் வீட்டுக்கு வருவார்கள். மதியம் பிரியாணி உண்டு. அதற்கு முன் சிற்றுண்டியாக, பெங்களூரில் என் மகன் வீட்டில் சாப்பிட்ட, ஓவனில் சுட்ட ஹாம் சீஸ் சாண்ட்விச்சைச் செய்து வைக்க ஆசைப்படுகிறேன். என்னிடம் இருப்பது சிறிய ஓவன்தான். எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, எலத்தகிரி

பதில்: முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், அம்மா. பெரியவர்களுக்கு இரண்டும் சிறுவர்களுக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டால் நாற்பது பேருக்கு ஏறத்தாழ 72 சிறிய பன்கள் வேண்டும். பிரியாணி பின்னால் வருவதால் அதற்கு மேல் ஒருவரும் சாப்பிடமாட்டார்கள். சிறிய ஓவனின் தட்டில் ஒரு நேரத்தில் 12 பன்கள் அடங்கும். ஓர் ஈட்டுக்குச் சுடவும் எடுக்கவும் அடுத்ததை வைக்கவும் அரை மணி நேரம் ஆகும். ஆறு ஈடு என்றால் மூன்று மணி நேரம். முதல் ஈடு ஆறிக் கெட்டிப்பட்ட பிறகுதான் கடைசி ஈடு வெளியே வரும் என்பதோடு, நீங்களும் பேத்தியின் பூசைக்குப் போகாமல் ஓவன் முன்னால் உட்கார்ந்திருக்க நேரும்.

ஆகையால் ஓவன் வேலையை ஊரில் உள்ள பேக்கரிக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. விடியற்காலையில் ரொட்டியும் பன்னும் சுட்டு முடித்த அடுப்பு எட்டு, ஒன்பது மணிக்கும் நல்ல சூட்டில் இருக்கும். 72 பன்களும் ஒரே தடவையில் அதற்குள் போய்விடும். சுட்டுக் கொடுப்பதற்கு ஒரு கூலி பேசிக்கொள்ளலாம். ஆனால் தட்டில் இருப்பது பன்றி இறைச்சி என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும். சில பேக்கரிகளில் அசைவமே நுழையாது; சிலர் மற்ற இறைச்சியைச் சுடுவார்கள், இதைச் சுடமாட்டார்கள். அவர்கள் மறுத்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு.

பன்களையும் அதே பேக்கரியில், பன்னிரண்டு பன்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி பலகையாக, முதல் நாளே சொல்லி வாங்குங்கள். தனித்தனிப் பன்னை அறுத்து அடுக்குவதற்கும், ஒட்டிய பலகையை அப்படியே இரண்டு தகடாக அறுப்பதற்கும் வேலையில் பெரிய வேறுபாடு உண்டு. பல்வைத்த நீளக் கத்தியைப் பலகையின் இடுப்பில் படுக்கையாக வைத்து, அழுத்தாமல் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் மேல் தகடு முழுதாகக் கழன்று வரும். அன்று வந்த பன் மிருதுவாக இருந்து கத்தியோடு நசுங்கும்; ஒரு நாள் பழையது சுத்தமாக அறுபடும்.

72 பன்களுக்கு மெல்லிய வில்லைகளாக வெட்டிய ஹாம் ஒன்றரைக் கிலோ போதும். ஒரு பன்னுக்கு 20 கிராம் விழுகிறது. சீஸ் வில்லைகள் 200 கிராம் பொட்டலத்தில் பத்து இருக்கும், ஆகவே எட்டுப் பொட்டலம். வெண்ணெய் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். இதற்கு மேல் ஹாம் வாங்க வேண்டாம். கனமாக ஹாம் வைத்தால் உப்புத்தான் தூக்கி நிற்கும். மெல்லிய வில்லையை மடித்து மடித்து, துணி கசங்கியதுபோல் வைத்தால், அதே 20 கிராம் வாய்க்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

அடுக்கும் முறை இது. கீழ்த் தகட்டைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் வைத்து, வெட்டிய முகம் மேலே பார்க்க, நான்கைந்து நிமிடம் ஓவனில் காட்டுங்கள். அந்த முகம் லேசாக வறண்டு ஒரு தோல் கட்டிக்கொள்ளும். இறைச்சியின் ஈரம் பன்னுக்குள் இறங்காமல் காப்பது அந்தத் தோல்தான். அது ஆறியதும் ஆறு சீஸ் வில்லைகளைப் பரப்புங்கள். பன்னிரண்டு பன்கள் கொண்ட பலகையை ஆறு வில்லைகள் ஏறக்குறைய முழுதாக மூடிவிடும். அதன் மேல் ஹாம், அதன் மேல் மீதி ஆறு வில்லைகள், பிறகு மேல் தகடு. சீஸ் இரண்டு பக்கமும் இருப்பதால் உருகும்போது பசைபோல ஒட்டி, அறுக்கும்போது ஹாம் நழுவி வெளியே வராது. இந்த அளவு வரை முதல் நாள் இரவே செய்து, காற்றுப் புகாமல் மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

மேலே பூசும் வெண்ணெய்க் கலவையை மட்டும் சுடுவதற்குச் சற்று முன்பு ஊற்ற வேண்டும். ஒரு பலகைக்கு 75 கிராம் வெண்ணெயை உருக்கி, துருவிய வெங்காயம் ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பச்சை வாசனை போகும்வரை வதக்கி இறக்கி, கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷயர் என்னும் இங்கிலாந்துப் புளிப்புச் சாஸ் ஒரு தேக்கரண்டி, பொடித்த வெல்லம் ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். மேல்நாட்டார் இக்கலவையை இரவே ஊற்றி ஊறவைப்பதுண்டு. அவர்களுடைய பன்னுக்கு அது பொருந்தலாம். நம் பேக்கரிப் பன் அதற்குள் கூழாகிவிடும் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன். ஹாமிலும் சீஸிலும் உப்பு இருக்கிறது, ஆகவே வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும்.

சூடு 180 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பலகையை அலுமினியத் தாளால் மூடி இருபது நிமிடமும், தாளை நீக்கி ஐந்து நிமிடமும் சுட்டால், மேல்பகுதி பொன்னிறமாகி உட்பகுதியும் கொதிக்கக் கொதிக்க இருக்கும். தாளைப் பன்னின் மேல் படாமல் கூடாரம்போல் உயர்த்தி மூட வேண்டும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. முதன்முதலில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு நான் செய்தபோது, தாளை இறுக்கமாகப் போர்த்திச் சுட்டுவிட்டு, விருந்தினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரே இழுப்பாக இழுத்தேன். பன்னிரண்டு பன்களின் மேல்தோலும் கசகசாவோடு தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தட்டில் இருந்தவை மொட்டையடித்த தலைகள்போல வெளுத்து நின்றன. சுவைக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அன்று முதல் தாளின் உட்பக்கத்தில் எண்ணெய் தடவாமல் நான் மூடுவதில்லை.

ஒன்பது மணிக்குப் பேக்கரி அடுப்பில் வைக்க ஏற்பாடு செய்தால், ஒன்பதரைக்குத் தட்டு வீட்டுக்கு வந்துவிடும். பூசைக்குப் போகாத ஓர் ஆளை அதற்கென்று நியமியுங்கள். கூடவே, கிருஷ்ணகிரிச் சீமையில் மாங்காய்க்குப் பஞ்சமில்லாத மாதம் அது. பெங்களூரா மாங்காயை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஹாமின் கொழுப்பையும் உப்பையும் அந்தப் புளிப்பு வெட்டிக் கொடுக்கும். கடைத் தக்காளி சாஸைவிட அது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஹாம் கிடைப்பதில்லை. பெங்களூரிலிருந்து வாங்கி வருகிறோம். ஹாம், பேக்கன், சலாமி என்று பல பெயர்கள் இருக்கின்றனவே, எதை வாங்குவது? வழியில் கெட்டுவிடாதா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஹாம் என்பது பன்றியின் பின்தொடை இறைச்சியை உப்பிலும் நைட்ரைட் உப்பிலும் பதப்படுத்தியது; வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அந்த நைட்ரைட்டே அன்றி, வேகாமை அல்ல. பேக்கன் பெரும்பாலும் வயிற்றுப் பகுதி. அது பச்சையாகவே விற்கப்படுவதால் பொரித்த பிறகுதான் பன்னுக்குள் வைக்கலாம். சலாமி கொத்திய இறைச்சியைக் குழாயில் அடைத்தது. சூட்டில் எண்ணெய் கக்கும். உங்கள் வேலைக்கு உகந்தது, பொட்டலத்தின் மேல் வேகவைத்தது என்று போட்டிருக்கும், மெல்லிய வில்லைகளாக வெட்டிய ஹாம்.

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதற்கு அப்பால் காவேரிப்பட்டணம். நெடுஞ்சாலை நன்றாக இருந்தாலும், ஓசூர் வரையுள்ள நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடையில் உறைந்த பொட்டலமாகக் கேட்டு வாங்கி, பனிக்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, பயணத்தின் கடைசி வேலையாக அதை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். உறைந்ததை இளக்குவது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்துத்தான். சமையல் மேடையில் வைத்து இளக்கக் கூடாது. இளகியதும் வில்லைகளில் கசிந்திருக்கும் நீரைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பன் ஈரமாகிப்போனது என்று எழுதுகிறவர்களில் பலர் விட்டுவிடுவது இந்த ஒற்றலைத்தான்.

கேள்வி: வூஸ்டர்ஷயர் சாஸும் டிஜான் என்னும் பிரெஞ்சுக் கடுகு விழுதும் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா? ஒரு தேக்கரண்டிக்காக முழுப் புட்டி வாங்க மனம் வரவில்லை.
— வாசகி, தர்மபுரி

பதில்: தர்மபுரிக்காரர் இதைக் கேட்கலாமா? 1837 முதல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரிலிருந்து விற்பனைக்கு வந்த அந்தச் சாஸின் கூட்டுப் பொருள்களில் புளியும் ஒன்று. நெத்திலி வகை மீன், வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு ஆகியவை மற்றவை. உங்கள் ஊர்ப் புளியைக் கெட்டியாகக் கரைத்து இரண்டு தேக்கரண்டி எடுத்து, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி வெல்லம், ஒரு சிட்டிகை மிளகு, நசுக்கிய பூண்டு ஒரு பல் சேர்த்து ஒரு கொதி விட்டு வடிகட்டினால், வெண்ணெய்க் கலவைக்குள் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். மீன் இல்லாததால் சைவர்களுக்கான தட்டிலும் இதைப் பூசலாம்.

கடுகு விழுதுக்கு மஞ்சள் கடுகு நான்கு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் இரவு ஊறவைத்து, உப்பும் சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்த்து அரையுங்கள். அரைத்ததும் பத்து நிமிடம் அப்படியே விட்டு, அதன் பிறகே இரண்டு மேசைக்கரண்டி வினிகரை ஊற்ற வேண்டும். கடுகின் காரம் விதைக்குள் தயாராக இருப்பதில்லை. நசுங்கிய விதையில் உள்ள நொதி, தண்ணீர் பட்டவுடன் வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. வெந்நீரோ வினிகரோ முதலிலேயே சேர்ந்தால் நொதியின் வேலை தடைப்பட்டு விழுது மந்தமாக இருக்கும். அரைத்த அன்று கசக்கும். ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால் கசப்பு அடங்கும். அதனால் விருந்துக்கு இரண்டு நாள் முன்பே அரைத்து வையுங்கள். கசகசா விலை மலைக்க வைத்தால் எள்ளைத் தூவுங்கள், குறை ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் இல்லத் திறப்பு விழாவுக்குப் பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும், இஸ்லாமிய நண்பர்களும், சுத்த சைவ உறவினர்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் சிக்கன் ஹாம் வைத்துவிட்டால் போதுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: போதாது. பன்றி இறைச்சியை விரும்பாதவர் என்பவர் வேறு, மார்க்கப்படி அதை விலக்கியவர் வேறு. முதலாமவருக்குச் சிக்கன் ஹாம் சரி. இஸ்லாமிய நண்பருக்குக் கோழியும் ஹலால் முறையில் அறுத்ததாக இருக்க வேண்டும். அத்துடன், பன்றி இறைச்சி வெட்டிய கத்தியும் சுட்ட தட்டும் அவருடைய உணவில் படக் கூடாது. விருந்தில் இவ்விருவரும் இருக்கிறார்கள் என்றால், அன்றைக்கு ஹாமையே விட்டுவிட்டு, ஹலால் முத்திரை உள்ள சிக்கன் ஹாமை மட்டும் வைப்பது எளிது, மரியாதையும்கூட. ஹாம் வைத்தே ஆகவேண்டும் என்றால், அதற்கென்று தனித் தட்டு, தனிக் கத்தி, தனி மேசை வைத்து, எது எது என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். விருந்துக்கு வந்தவர் கேட்கத் தயங்குவார்.

சைவர்களுக்குப் பன்னீரை மெல்லிய வில்லைகளாக வெட்டி, மிளகும் உப்பும் தூவித் தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்கவிட்டு, வதக்கிய குடைமிளகாயோடு அதே முறையில் அடுக்குங்கள். சீஸ் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலைத் திரிப்பதற்குக் கன்றின் வயிற்றுச் சுரப்பைப் பயன்படுத்தும் அயல்நாட்டுச் சீஸ்கள் சைவம் ஆகா. அவர்களுடைய தட்டை எல்லாவற்றுக்கும் முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை, பக்கத்தில் பேக்கரியும் இல்லை. பத்துப் பேருக்குச் செய்ய வேறு வழி உண்டா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: உண்டு. கனத்த அடிப்பாகமுள்ள அகலமான அலுமினியப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையத் தாங்கியை வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். நம் வீடுகளில் கேக் சுட்ட பழைய முறைதான் இது. சாண்ட்விச் தட்டைத் தாங்கியின் மேல் வைத்து மூடி, தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் சீஸ் உருகி உள்ளே நன்றாகச் சூடேறிவிடும். மேல்பக்கம் மட்டும் சிவக்காது. அதற்காக, எடுத்தவுடன் பலகையைக் கவிழ்த்து, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். மூடியில் நீர் கோத்துச் சொட்டாமல் இருக்க, மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டி, துணியின் நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள். நுனி தொங்கினால் தீப்பிடிக்கும்.

கேள்வி: ஓசூரில் செய்து தர்மபுரியில் உள்ள என் அண்ணன் வீட்டு விழாவுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சூடு குறையாமல் கொண்டுபோவது எப்படி? விழாவுக்கு வயதான மாமியாரும், கர்ப்பிணியான அண்ணியும் இருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, மத்திகிரி

பதில்: சூடாகக் கொண்டுபோகவே வேண்டாம். ஹாட்பாக்ஸில் அடைத்த பன் தன் ஆவியிலேயே நனைந்து இரண்டு மணி நேரத்தில் தொட்டால் பிய்யும் நிலைக்கு வந்துவிடும். அதோடு, 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் இருக்கும் இறைச்சியில் கிருமிகள் விரைந்து பெருகும். அந்த வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரமே எல்லை. மே மாதத்தில் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது வண்டிக்குள் எவ்வளவு சூடு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே இரவே அடுக்கி, ஃபிரிட்ஜில் குளிரவைத்த பலகைகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோய், வெண்ணெய்க் கலவையைத் தனிப் புட்டியில் எடுத்துச் சென்று, அங்கே அண்ணன் வீட்டு ஓவனிலோ பக்கத்துப் பேக்கரியிலோ சுட்டுக்கொள்ளுங்கள். சாண்ட்விச்சில் மயோனைஸ் தடவும் வழக்கம் இருந்தால் அதையும் இந்தப் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததே, முறையாகச் செய்து பாதுகாக்காவிட்டால் அதில் நோய்க்கிருமிகள் எளிதில் சேரும் என்பதால்தான்.

கர்ப்பிணிகள் குளிர்ந்த ஹாமைச் சாப்பிடக் கூடாது. ஃபிரிட்ஜிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமி அதில் இருக்கலாம். ஆவி பறக்கச் சுட்டதை, நடுப்பகுதி 74 டிகிரிக்கு ஏறியதை, உடனே சாப்பிடுவதில் அந்த அச்சம் நீங்கும். ஆகையால் அண்ணிக்கு முதல் ஈட்டிலிருந்து, நடுவில் உள்ள பன்னைப் பிளந்து ஆவி வருகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். மேசையில் ஆறிக் கிடந்ததைக் கொடுக்க வேண்டாம். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி.

மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருக்குமானால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஹாமும் சீஸும் சேர்ந்த ஒரு சிறிய பன்னிலேயே ஒரு கிராமுக்கு மேல் போய்விடும். அவருக்கென்று ஓரத்துப் பன் ஒன்றில் ஒரே ஒரு வில்லை ஹாமும் நிறைய வதக்கிய வெங்காயமும் வைத்து, மேலே ஒரு பல்குச்சியைக் குத்தி அடையாளம் செய்துவிடுங்கள்; பேரப்பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு ஓடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.